33 அடிச் சங்கிலி

ஓசூர்ப் பக்கம் நிலம் விலை பேசினால் மூன்று கணக்குகள் புழங்கும். விற்கிற விவசாயி ஏக்கர், சென்ட் என்பார். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலிருந்து வருகிறவர் "எத்தனை குண்டே?" என்று கேட்பார். எங்கள் புலப்படத்தில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். மூன்றையும் மனதுக்குள் மாற்றிப் போட்டுச் சொல்லத் தெரியாதவன் இந்த எல்லையில் சர்வேயராகக் காலம் தள்ள முடியாது. ஒரு குண்டே என்றால் இரண்டரை சென்ட், 1,089 சதுர அடி. நீளம் 33 அடி, அகலம் 33 அடி. நாற்பது குண்டே சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

இந்த 33 அடியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே வயல் வயலாக அளக்க வைத்தவர் ஒரு பட்டாளத்துக்காரர். பெயர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே குதிரை மேல் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். ஆளுநர் மன்றோ என்று எல்லோருக்கும் தெரியும். அவர் நில அளவையைக் கற்றுக்கொண்ட இடம் நம்முடைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான அன்றைய பாராமகால் என்பதும், அப்போது அவர் ஆளுநரும் இல்லை, கலெக்டர்கூட இல்லை, வெறும் லெப்டினன்ட் என்பதும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கே அதிகம் தெரியவில்லை. எனக்கும் வேலையில் சேர்ந்த புதிதில் தெரியாது. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஒரு தலைமை நில அளவர், செயின் இழுத்துக் களைத்து நாங்கள் புளியமர நிழலில் உட்கார்ந்தபோது சொன்னார்: "தம்பி, இந்த வேலையை இந்த மண்ணுல மொதல்ல பண்ணது மிலிட்டரிக்காரங்கப்பா. அதான் இன்னும் கால்ல நடந்துதான் பண்றோம்." அன்றிலிருந்து மன்றோவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். 'பாராமகால் ஆவணங்கள்' என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அச்சகம் போட்ட தொகுதிகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டும் சர்வேயருக்குத் தன் வீட்டுப் பழைய கணக்கு நோட்டைப் பார்ப்பது போலவே இருக்கும்.

மன்றோ 1761 மே மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். தந்தை வணிகர். அமெரிக்க விடுதலைப் போரில் அந்த வணிகம் நொடித்துப்போனது. மகன் 1780 ஜனவரியில் கிழக்கிந்தியக் கும்பினியின் காலாட்படையில் பயிற்சி அதிகாரியாகச் சென்னையில் வந்து இறங்கினார். வயது 18. அந்த ஆண்டே மைசூர் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுக் கர்நாடகப் பிரதேசத்துக்குள் இறங்கியது. செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, அதற்கு உதவியாகப் போய்ச் சேர முடியாமல் பின்வாங்கிய ஹெக்டர் மன்றோவின் படையில் இந்த இளைஞரும் இருந்தார். நான்கு ஆண்டுகள் போர். சம்பளம் சொற்பம். அதிலும் வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். லெப்டினன்ட் ஆக 1786 வரை காத்திருந்தார்.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் ஆம்பூர். அங்கே கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் உளவுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். உளவு என்றதும் மாறுவேடத்தை நினைக்க வேண்டாம். எந்தக் கணவாயில் வண்டி ஏறும், எந்த ஊரில் எத்தனை கிணறு, எந்த ஏரியில் மாசி வரை தண்ணீர் நிற்கும், எந்தச் சந்தையில் தானியம் கிடைக்கும், எந்தப் பாளையக்காரர் யார் பக்கம் சாய்வார் என்பதைத்தான் ரீட் திரட்டினார். ஒரு சேனையை நடத்திப் போவதற்கு இந்தக் கணக்குகள் போதும். கொஞ்சம் யோசித்தால், ஒரு நாட்டை ஆள்வதற்கும் இதே கணக்குகள்தான். ரீட் இரண்டையும் செய்தார், மன்றோ பக்கத்தில் இருந்து பார்த்தார்.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படைகளிடம் விழுந்தன. கிருஷ்ணகிரி அப்படி எளிதில் விழவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் இரவில் ஏணி வைத்து ஏற முயன்றார், மலைக்கோட்டைக்காரர்கள் பாறைகளை உருட்டித் தள்ளி விரட்டினார்கள். சையத் பாஷா மலை என்று நாம் சொல்லும் அந்தக் குன்றை நெடுஞ்சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சரிவில் இன்றும் நடந்து ஏறுவது கடினம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியைக் கொடுத்தபோது பாராமகாலும் சேலமும் கும்பினியிடம் வந்தன. மேட்டு நிலமான ஓசூர் திப்புவிடமே தங்கிவிட்டது. 1799 வரை எல்லைக்கோடு ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் இடையே ஓடியது. இன்று அந்த வழியில் தக்காளி ஏற்றிய வண்டிகளும் கம்பெனிப் பேருந்துகளும் போகின்றன.

புதிதாகக் கிடைத்த நாட்டை யாரிடம் கொடுப்பது? சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளில் பெரும்பாலோருக்கு இங்குள்ளவர்களின் மொழி தெரியாது. மொழிபெயர்க்கும் துபாஷி சொல்வதே வேதம் என்று இருந்தார்கள். கார்ன்வாலிஸ் அதை வெளிப்படையாகக் குறைகூறிவிட்டு, ராணுவ அதிகாரியான ரீடை நிர்வாகியாகப் போட்டார். உதவிக்கு மூன்று ராணுவ அதிகாரிகள். வடபகுதி கிரஹாமிடம், தென்பகுதி மக்ளியோடிடம், நடுப்பகுதி மன்றோவிடம். மன்றோ தருமபுரியில் குடியேறி ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இருந்தார்.

அங்கே அவர் என்ன செய்தார் என்பதை என் தொழிலைத் தெரிந்தவர்கள்தான் முழுதாக உணர முடியும் என்று நினைக்கிறேன். அதுவரை நிலத்தை விதைப்பாட்டால் சொன்னார்கள். இத்தனை வள்ளம் விதைக்கிற காடு, இத்தனை கொளகம் விதைக்கிற வயல் என்று. மண் மாறினால் விதையளவு மாறும், ஊர் மாறினால் வள்ளமே மாறும். கணக்கு முழுவதும் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கட்டுக்குள். வரி ஊருக்கு மொத்தமாக விதிக்கப்பட்டு, குத்தகைக்காரர் கைக்குப் போய், பெரிய குடியானவன் சுமை சிறிய குடியானவன் தலையில் இறங்கும். ரீட் எடுத்த முடிவு, ஒவ்வொரு வயலையும் சங்கிலி போட்டு அளப்பது, உழுகிறவன் பெயரையே எழுதுவது, அவனிடமே பேசி வரியைத் தீர்மானிப்பது. 1796 டிசம்பரில் அவர் வெளியிட்ட அறிவிப்பு, குடியானவன் விரும்பினால் ஆண்டுதோறும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்றது. பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறையின் தொட்டில் இதுதான். புகழ் மன்றோவுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் மரியாதை ரீடுக்கு உரியது என்பது என் தீர்மானமான கருத்து. மன்றோவே முதலில் இந்த முறையை முழுதாக நம்பிவிடவில்லை, வேலை செய்து பார்த்துத்தான் நம்பினார். அதனால்தான் அவரை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வருகிற வழக்குகளைக் கேட்டு, அளவுக்காரர்கள் எழுதியதைச் சரிபார்த்துத் திரும்புவது அவர் வாழ்க்கையானது. தருமபுரியில் ஒரு தோட்டம் போட்டார். வேலையில்லாத பொழுதெல்லாம் அங்கேதான் இருந்தார் என்பது வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தெரிகிறது. பிற்காலத்தில் பெரிய பதவிகளில் இருந்தபோதும் பாராமகால் நாட்களை அவர் மறக்கவில்லை. காது சற்று மந்தம். அப்படியிருந்தும் பொழுதெல்லாம் குடியானவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

செயின் அளவு எப்படி நடக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் காலத்துச் செயின் 66 அடி, நூறு கண்ணி. ஒரு கண்ணி 7.92 அங்குலம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நடுவில் தொய்வு விழக்கூடாது. மேட்டில் ஏறும்போது செயினைச் சாய்த்துப் பிடித்தால் நிலம் அதிகமாகக் காட்டும், ஆகவே படிப்படியாக உடைத்து மட்டமாகப் பிடிக்க வேண்டும். முனையில் ஊசி குத்தி எண்ணிக்கொண்டே போவோம். வரப்பு வளையும் இடத்துக்கெல்லாம் கிராஸ் ஸ்டாஃப் வைத்து நேர்கோட்டிலிருந்து செங்குத்தாகத் தூரம் எடுப்போம். வெயிலில் இரும்பு நீளும், இழுத்து இழுத்து வளையங்கள் விரியும். அதனால் அலுவலக முற்றத்தில் பதித்திருக்கும் அளவுக் கற்களோடு செயினை அடிக்கடி ஒத்துப்பார்ப்போம். மத்திகிரி கால்நடைப் பண்ணை ஓரம், சூளகிரி கரடுகளில், தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் இந்தச் செயினை இழுத்தவர்களுக்குத் தோள்பட்டை வலி நிரந்தரம். சொல்ல மறந்தேன், மத்திகிரிப் பண்ணையும் ராணுவத்தோடு சேர்ந்த கதைதான். படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் தொடங்கியது, அப்போது சென்னை ஆளுநர் மன்றோ. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பண்ணை ஓசூருக்குப் பெரிய பேறு.

மன்றோ கதைக்குத் திரும்புகிறேன். திப்புவுடனான கடைசிப் போரில், 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் கும்பினிச் சேனை ராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் நுழைந்தது. பாராமகாலிலிருந்து தானியமும் மாடுகளும் திரட்டிப் பின்னால் கொண்டுபோகும் பொறுப்பு ரீடுக்கு. மன்றோவும் அந்தப் படையோடு போனார். மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். மைசூரை ஒழுங்குபடுத்த அமைத்த குழுவுக்கு மன்றோ ஒரு செயலாளர். பிறகு கன்னடக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். மனமில்லாமல்தான் போனார். 1800இல் ராயலசீமை. அங்கேதான் முதலில் சொன்ன 33 அடிச் சங்கிலி வருகிறது. 1802இல் நான்கு குமாஸ்தாக்களோடு அளவைத் தொடங்கினார். பிறகு ஆட்களை நூறாகப் பெருக்கி, குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைமை அளவரைப் போட்டார். ஒரு குழு அளந்ததை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாட்டையும் வைத்தார். எங்கள் துறையில் இன்றும் மேலதிகாரி வந்து சில புலங்களை மறு அளவு செய்து பார்ப்பதன் வேர் அப்படிப்பட்ட ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

அளந்ததில் வரி கூடுதல் என்று அவருக்கே தெரிந்தது. 1807இல் எல்லா நிலங்களுக்கும் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று எழுதினார். மேலிடம் அன்று கேட்கவில்லை. 1820இல் ஆளுநராக வந்ததும் ராயலசீமையில் அதைச் செய்தார். இடைப்பட்ட காலத்தில் நம் சேலம், பாராமகால் பக்கம் நடந்தது துயரம். ரீடும் மன்றோவும் ஏழாண்டு உழைத்து எழுதிய தனித்தனிப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, 1802க்குப் பின் நாட்டை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த பலர் பணம் கட்ட முடியாமல் விழுந்தார்கள். அவர்கள் கைக்குக் கீழே இருந்த குடியானவன் முதலில் விழுந்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு மன்றோவைத் தெய்வமாக்க நான் தயாரில்லை. அந்நியக் கும்பினி வரி வசூலிப்பதற்காகத்தான் நிலத்தை அளந்தது. ரயத்துவாரியிலும் வரி கடுமையாகத்தான் இருந்தது. அவர் இறந்து முப்பது ஆண்டு ஆவதற்குள், 1855இல், சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்ததை அரசாங்கத்தின் ஆணையமே அறிக்கையாக எழுத வேண்டி வந்தது. கிழக்கத்திக் காடுகளில் மழை பொய்த்த வருஷம் என்னவாகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்தக் கும்பினிக்குள் இருந்துகொண்டே, இந்தியர்களை உயர் பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களைத் தாழ்த்துவது என்று 1824இல் குறிப்பு எழுதியவர் அவர். ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதை 1826இல் பதிவு செய்தவரும் அவர்தான். எதையும் எண்ணிப் பார்க்காமல் பேசக்கூடாது என்ற குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால், தருமபுரிக் காடுகளிலிருந்து என்பேன்.

படைவீரராக அவர் கடைசியாகச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 1817-18 மராத்தியப் போரில் பிரிகேடியர் ஜெனரலாகத் தென் மராத்தியப் பகுதிக்குப் போனபோது அவரிடம் முறையான படை மிகக் குறைவு. உள்ளூர்ச் சேவகர்களைத் திரட்டி, ஊர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, பாதாமி, பெல்காம், சோலாப்பூர் என்று கோட்டைகளைப் பிடித்தார். குடியானவன் மனம் தெரிந்த தளபதியாக இருந்தார். 1827 ஜூலை 6ஆம் தேதி, ஊருக்குத் திரும்பும் முன் ராயலசீமையைக் கடைசியாக ஒரு முறை பார்க்கப் போனவர் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். குத்தியில் புதைத்து, பிறகு சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். ஓசூரில் தெலுங்கு பேசும் வீடுகளில் வயதானவர்கள் இந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

என் காலத்தில் ஓசூரின் நிலம் வேறு போருக்கு ஆளானது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் இங்கே செய்த டி.வி.எஸ். 50 நாடெங்கும் ஓடியது. அசோக் லேலண்ட், டைட்டன், அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகள். ராகியும் அவரையும் விளைந்த காடு ஷெட்டானது. பாகலூர், பேரிகை, சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று ஆலை பரவப் பரவ, நில எடுப்பு அளவுக்கு நாங்கள் போனோம். சென்ட் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் என்றிருந்த ஊரில் ஒரே ஆண்டில் விலை ஏறும்போது, வரப்பு ஓரடி நகர்ந்தால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிடும்.

சூளகிரிப் பக்கம் ஒரு நில எடுப்பு அளவு இன்னும் கண்ணில் நிற்கிறது. கைம்பெண்ணான ஒரு பாட்டி. பட்டா கூட்டுப்பட்டா. பங்காளிகள் காட்டிய வரப்புப்படி அவருக்குப் பாறைத் துண்டுதான் மிஞ்சும். அவர் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "சாமி, எங்க மாமனாரு காலத்துல கல்லு அந்தப் புங்கமரத்துக்குக் கீழ இருந்துச்சு. மண்ணு மூடிப்போச்சு, அவ்ளோதான். நீ தோண்டிப் பாரு." பங்காளிகள் சிரித்தார்கள். நான் பழைய புலப்படத்தை விரித்தேன். மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கல், நாங்கள் டிரை-ஜங்ஷன் என்போம், அது அசையாமல் இருந்தது. அதிலிருந்து செயினைப் போட்டுக் கண்ணி எண்ணி வந்தோம். படத்தில் உள்ள தூரம் முடிந்த இடத்தில் செயின்மேன் கடப்பாரையைப் போட்டார். இரண்டடி ஆழத்தில் டங்கென்று சத்தம். மேலே அம்புக்குறி வெட்டிய பழைய சர்வே கல். புங்கமரத்துக்கு ஒரு கை தூரம். உட்பிரிவை அதன்படி போட்டேன், இழப்பீடு பாட்டியின் பெயருக்குப் போனது.

அந்தப் பாட்டியிடம் கேட்காமல் பங்காளிகள் காட்டிய வரப்பை மட்டும் வரைந்துகொண்டு வந்திருந்தாலும் என் படம் காகிதத்தில் அழகாகவே இருந்திருக்கும். ரீடும் மன்றோவும் இந்த மண்ணில் நடைமுறையாக்கிய பழக்கம் அந்தக் கேள்விதான். உழுகிறவரை வயலில் நிறுத்திக் கேள், பிறகு அள. இப்போது செயற்கைக்கோள் கருவி வந்துவிட்டது, சென்டிமீட்டர் பிசகாமல் புள்ளி வைக்கிறது. நல்லதுதான், எங்கள் தோள்பட்டை தப்பியது. ஆனால் கல் எங்கே புதைந்திருக்கிறது, யார் பெயர் கூட்டுப்பட்டாவில் நசுங்கிக் கிடக்கிறது என்பதை அந்தக் கருவி சொல்லாது.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: கருவியை நட்டுவிட்டு நிழலுக்குப் போகாதீர்கள், நான்கு எல்லைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு: சர்வேயர் வரும் நாளில் யாரையும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்கள் புலப்படத்தையும் சிட்டாவையும் இப்போதே எடுத்து வையுங்கள். கூட்டுப்பட்டா இருந்தால் உட்பிரிவுக்கு மனுக் கொடுங்கள். வரப்பில் உள்ள கல்லை உழவு இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்று பிடுங்கிப் போடாதீர்கள். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் முதலில் அவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போய்க் கல் எங்கே என்று கேட்டு வையுங்கள்.